மராமத்தும் கையிருப்பும்

பங்குச் சந்தையில் பதிவுபெற்ற கம்பெனிகளுள் மதிப்பில் முதல் 1,000 இடங்களில் நிற்பவை, வரவுசெலவுக் கணக்கோடு கூடவே, சுற்றுச்சூழலுக்கும் சமுதாயத்துக்கும் தாம் ஆற்றிவரும் கடமைகளைப் பற்றிய ஓர் அறிக்கையையும் ஆண்டுதோறும் சமர்ப்பிக்க வேண்டும் என்று பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான ‘செபி’ வகுத்த விதி, 2022-23ஆம் நிதியாண்டு முதல் கட்டாயமாக நடைமுறையில் இருந்து வருகிறது. நல்ல விதிதான். அந்த அறிக்கைகளைப் பொறுமையோடு புரட்டுகிறவர்களுக்கு, கூரைமேல் சூரிய மின்தகடு பதித்தது, மரக்கன்று நட்டது, காகிதச் செலவைக் குறைத்தது முதலான சமாசாரங்கள் வண்ணப் படங்களோடு ஏராளமாகக் கிடைக்கும். ஆனால், மூலப்பொருள் அனுப்பும் ஒரே ஆலை நாளைக்கே தீக்கிரையானால் இந்தக் கம்பெனி எத்தனை நாள் தாக்குப்பிடிக்கும், கழிவுநீர்க் குழாயின் வால்வைக் கடைசியாகக் கழற்றிப் பார்த்தவர் யார், அதற்கென்று ஒதுக்கிய பணம் அதற்கே செலவாயிற்றா என்ற கேள்விகளுக்கு அங்கே விடை தேடுவது பெரும்பாலும் வீண் சிரமம். கம்பெனிகளை மட்டும் குறைகூறிப் பயனில்லை. அரசாங்க இலாகாக்களும் நகராட்சிகளும் வெளியிடும் கொள்கை விளக்கங்களிலும் இதே நிலைமைதான்.

ஒரு ஸ்தாபனம் நீடித்து நிற்பதும், அடி விழுந்தால் எழுந்து நடப்பதும், அதன் லட்சியங்கள் எவ்வளவு உயர்ந்தவை என்பதைப் பொறுத்தல்ல. தேய்ந்ததைத் தேய்ந்தவுடன் சரிசெய்யும் மராமத்தும், வேண்டாத காலத்தில் சேர்த்து வேண்டிய காலத்தில் எடுத்தாளும் கையிருப்பும் அதன் அன்றாட விதிகளில் எழுதப்பட்டிருக்கின்றனவா, அவற்றுக்குப் பொறுப்பாளி இன்னார் என்று விரல் நீட்டிச் சொல்ல முடிகிறதா என்பதைப் பொறுத்தே அமைகிறது என்பது என் துணிபு. துறைகள் வேறுபடலாம், மருந்துக் கிடங்கும் பாசன ஏரியும் மோட்டார்க் கார்த் தொழிற்சாலையும் சாயப்பட்டறையும் ஒன்றுக்கொன்று எவ்விதச் சம்பந்தமும் இல்லாதவைபோலத் தோன்றலாம், ஆயினும் அவை பிழைத்ததற்கும் கெட்டதற்கும் காரணங்களை ஆராய்ந்து பார்த்தால், சுற்றிச் சுற்றி இவ்விரண்டிடத்திலேதான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

முதலில், நம் கண்ணெதிரே நடப்பதாயினும் நாம் அதிகமாகப் பேசாத ஓர் ஏற்பாட்டை எடுத்துக்கொள்வோம். அரசாங்க ஆஸ்பத்திரிகளில் மருந்து என்பது ஒரு காலத்தில் பெரிய டப்பாக்களிலும் ஜாடிகளிலும் வந்து சேர்ந்து, கம்பவுண்டர் கையால் எண்ணிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கப்பட்ட பொருள். எந்த ஆலையில் எப்போது செய்தது, எந்நாள்வரை வீரியம் உள்ளது என்பதை நோயாளியும் அறியார், கொடுப்பவரும் அறியார். ஓரிடத்தில் ஒரு மருந்து தேவைக்கு மேல் குவிந்து காலாவதியாகிக்கொண்டிருக்க, பக்கத்து ஊரில் அதே மருந்து இல்லையென்று சீட்டு எழுதி வெளியே வாங்கிக்கொள்ளச் சொல்வார்கள். கொள்முதலில் நடந்த முறைகேடுகளும் சேர்ந்துகொள்ள, இந்த நிலையை மாற்றுவதற்கென்றே 1994 ஜூலையில் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் ஒரு கம்பெனியாகப் பதிவு செய்யப்பட்டது. அதன் முதல் நிர்வாக இயக்குநராக இருந்தவர் ஆர். பூர்ணலிங்கம் என்ற ஐ.ஏ.எஸ். அதிகாரி. 1995ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அது வேலையை ஆரம்பித்தது.

அது செய்த காரியங்களில் எதுவும் பிரமாதமான விஞ்ஞானம் அன்று. அத்தியாவசிய மருந்துகளின் பட்டியல் ஒன்று வகுத்தார்கள். தகுதியைக் காட்டும் உறை வேறு, விலையைக் காட்டும் உறை வேறு என்று இரண்டு உறைகளில் ஒப்பந்தப்புள்ளி கேட்டார்கள். மாவட்டத் தலைநகரங்களில் கிடங்குகள் அமைத்தார்கள். ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் ஒரு பாஸ்புக் கொடுத்து, அந்த ஆண்டில் அது இத்தனை ரூபாய் பெறுமான மருந்தை எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிவைத்தார்கள். மருந்தாளுநர் அந்தப் புத்தகத்தோடு கிடங்குக்கு வருவார். தம் ஊருக்கு இந்த மாதம் எது வேண்டும் என்று தாமே கேட்பார். எடுத்ததைப் பதிந்து மீதியைக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். மழைக்காலத்தில் காய்ச்சல் மருந்து அதிகமாக வேண்டுமென்றால் அதையே அதிகமாக எடுக்கலாம். வேண்டாததை மேலிடம் தலையில் கட்டுவதற்கு இடமில்லை. வந்து சேரும் ஒவ்வொரு தொகுதியிலிருந்தும் மாதிரி எடுத்து, செய்தவர் பெயர் தெரியாதபடி மறைத்து, வெறும் குறியீட்டு எண் மட்டும் போட்டுப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புவார்கள். அது தேறிய பிறகே கிடங்கைவிட்டு மருந்து வெளியேறும். மாத்திரைப் பட்டையின் முதுகில் தமிழ்நாடு அரசின் வழங்கல், விற்பனைக்கு அல்ல என்ற அச்சு இருக்கும். இந்த எழுத்து ஒன்றே எத்தனை திருட்டுகளைத் தடுத்திருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

இவை எல்லாவற்றையும்விட நான் முக்கியமாகக் கருதுவது, கிடங்கில் ஏறத்தாழ மூன்று மாதத் தேவை எப்போதும் இருப்பில் இருக்க வேண்டும் என்பதும், இருப்பு அந்த அளவைவிடக் குறையத் தொடங்கினால் அடுத்த கொள்முதல் உத்தரவு புறப்பட வேண்டும் என்பதுமான ஏற்பாடே. ஓர் ஆலை வேலைநிறுத்தத்தில் மூடிக்கிடந்தாலும், ஒரு லாரி வெள்ளத்தில் சிக்கினாலும், ஒரு தொகுதி பரிசோதனையில் தேறாமல் திரும்பினாலும் கிராமத்து மருந்து ஜன்னல் திறந்தே இருப்பதற்கு அந்த மூன்று மாதம்தான் காரணம். பிற்காலத்தில் கேரளமும் ராஜஸ்தானமும் இதே மாதிரியைப் பின்பற்றித் தத்தமக்கெனக் கழகங்களை அமைத்துக்கொண்டன. இன்று இந்தக் கழகம் குறையே இல்லாமல் நடக்கிறது என்று நான் சொல்லவரவில்லை. தட்டுப்பாடு என்ற புகார் அவ்வப்போது எழத்தான் செய்கிறது. புகார் எழும்போது எந்தக் கிடங்கில் எந்த மருந்து எவ்வளவு என்று பார்த்துச் சொல்ல ஒரு கணக்கு இருக்கிறதே, அதுதான் நிர்வாகம்.

இனி, மருந்துக் கிடங்கிலிருந்து ஏரிக்கரைக்கு வருவோம். தமிழ்நாட்டில் 39,000-க்கு மேற்பட்ட ஏரி, கண்மாய்கள் இருக்கின்றன; அவற்றில் ஏறத்தாழ 14,000 நீர்வளத் துறையின் பொறுப்பிலும், ஏனையவை பெரும்பாலும் ஊராட்சி ஒன்றியங்களின் பொறுப்பிலும் உள்ளன. மேல் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியாக வழிந்து கீழ் ஏரிக்கும், அது நிரம்பினால் அதற்கடுத்ததற்கும் நீர் போய்ச் சேரும்படி சங்கிலித் தொடராக இவற்றை அமைத்த முன்னோர்களின் திறமையை நாம் மேடைதோறும் புகழ்ந்திருக்கிறோம். கட்டிய திறமையைப் புகழும் அளவுக்கு, கட்டியதைக் காப்பாற்றிய திறமையை நாம் கவனித்ததில்லை. உத்தரமேரூரில் முதற் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, குடவோலையின் பொருட்டுப் பள்ளிப் பாடநூல்களிலெல்லாம் இடம்பெற்றுவிட்டன. அவற்றில் சொல்லப்பட்ட சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம், ஏரி வாரியம் என்ற மூன்றில், ஏரி வாரியத்துக்கு அறுவர். அவர்களின் பதவிக்காலம் 360 நாள். முன்பு வாரியம் வகித்துக் கணக்குக் காட்டாது போனவனும் அவனுடைய நெருங்கிய உறவினரும் மறுபடி குடவோலைக்குப் பெயர் எழுதத் தகுதியற்றவர். சொந்த நிலமும் வேதப் பயிற்சியும் உடைய பிராமண ஆடவர்க்கே அந்தச் சபையில் இடமிருந்தது என்பதை மறைக்க வேண்டியதில்லை. அந்தக் குறையை நாம் தள்ளிவிடலாம். கணக்குக் காட்டாதவனின் மைத்துனனுக்குக்கூடப் பதவி இல்லை என்ற அந்தக் கண்டிப்பைத் தள்ளிவிட்டதுதான் துரதிர்ஷ்டம்.

அந்நாளில் ஏரியின் பராமரிப்புக்கென்றே நிலம் விட்டிருந்தார்கள். ஏரிப்பட்டி என்று அதற்குப் பெயர். அந்த நிலத்தின் வருமானம் வேறெதற்கும் போகாது. வரி குறைந்த ஆண்டிலும், அரசன் போரில் ஈடுபட்ட ஆண்டிலும், ஏரியின் வண்டலை அள்ளுவதற்குரிய கூலி அந்த ஏரியின் காலடியிலேயே விளைந்துகொண்டிருந்தது. இக்காலத்து நிதி நிபுணர்கள் இதற்கு ஏதேனும் நீண்ட பெயர் சூட்டக்கூடும்.

நிலத்தையும் சபையையும்விட நெருக்கமாக ஏரியோடு வாழ்ந்தவன் ஒருவன் உண்டு. நீர்க்கட்டி, நீர்பாய்ச்சி, மடையன், கம்புகட்டி என்று வட்டாரத்துக்கு வட்டாரம் வெவ்வேறு பெயர் பெற்ற அவன், பெரும்பாலும் ஊரின் ஒடுக்கப்பட்ட குடிகளில் பிறந்தவன். சொந்தத்தில் அவனுக்கு நிலம் இருக்காது. அதனாலேயே யாருக்கு முதலில் தண்ணீர் என்பதில் அவனுக்குப் பட்சபாதம் இராது என்பது ஊராரின் கணக்கு. மதகை எவ்வளவு தூக்குவது, மேட்டுக் கழனிக்கு எத்தனை நாழிகை, கடைமடைக்கு எத்தனை நாழிகை என்பதெல்லாம் அவன் மனத்திலிருக்கும். அடைமழை இரவில் கோணிச் சாக்கைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு கரைமேல் நடந்து, நண்டு வளையிலிருந்து கசியும் நீர் தெளிவாக வருகிறதா, மண்ணைக் கரைத்துக்கொண்டு கலங்கலாக வருகிறதா என்று அவன் பார்ப்பான். தெளிந்த நீரானால் விடிந்தபிறகு பார்த்துக்கொள்ளலாம், கலங்கிய நீரானால் ஊரை எழுப்ப வேண்டும். இந்தப் பாடத்தை எந்தப் பொறியியற் கல்லூரியில் அவன் படித்தான்? அறுவடைக் களத்தில் ஏக்கருக்கு இத்தனை என்று அளந்துவிடும் நெல்லே அவனுக்குச் சம்பளம். ஏரிநீர் பாயும் ஆயக்கட்டு முழுவதும் விளைந்தால் அவனுக்கும் விளைச்சல், விளையாவிட்டால் அவனுக்கும் பட்டினி. தென்பாண்டிச் சீமையில் குமிழித் தூம்பின் அடைகல்லைத் திறப்பதற்கு நீருக்குள் மூழ்க வேண்டியிருந்தது. மேலே உள்ள துளையில் நீரும் கீழே உள்ள துளையில் சேறும் வெளியேறும்படி அமைந்த அந்தத் தூம்பு, ஒவ்வொரு முறை திறக்கப்படும்போதும் ஏரியின் அடிவயிற்றைச் சிறிது துப்புரவு செய்தது. மராமத்தைத் தனிவேலையாக வைக்காமல் பயன்பாட்டுக்குள்ளேயே பொதிந்துவைத்த அறிவு அது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் சிதைந்துவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனி ஆட்சியில் ஏரிகள் சர்க்கார் சொத்தாகவும் வரிக்குரிய ஆதாரமாகவும் ஆயின. ஊரார் கூடித் தாமே ஏரியைச் செப்பனிடும் குடிமராமத்து, மனமுவந்து செய்யும் வழக்கமாக இருந்த நிலை போய், 1858ஆம் ஆண்டின் கட்டாய உழைப்புச் சட்டத்தால் வற்புறுத்த வேண்டிய வழக்கமாயிற்று. சட்டத்தால் பிடித்திழுக்க வேண்டியதாக ஒரு கடமை ஆகிவிட்டதென்றால், அதன் உயிர் ஏற்கெனவே போய்விட்டது என்றுதானே பொருள்? சுதந்திரத்துக்குப் பிறகு ஆழ்குழாய்க் கிணறுகள் வந்தன. 1990-இல் உழவர் அனைவருக்கும் மின்சாரம் இலவசமாயிற்று. மோட்டார் வைத்திருப்பவனுக்கு ஏரியின் மீதிருந்த அக்கறை குறைந்தது. மோட்டார் இல்லாதவனுக்கு அக்கறை இருந்தும் குரல் இல்லை. நீர்க்கட்டியின் மகன் திருப்பூருக்கோ சென்னைக்கோ வேலைதேடிப் போனான். வரத்துக் கால்வாயில் சீமைக் கருவேலம் முளைத்தது. 2017-இல் அரசாங்கம் குடிமராமத்து என்ற பழைய பெயரைச் சூட்டி, முதற்கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகளைத் தொடங்கியது. பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ ஆயக்கட்டுதாரர் தர வேண்டும் என்றது. நோக்கத்தில் குறையில்லை. ஆயினும், பத்தாண்டுக்கு ஒருமுறை பொக்லைன் இயந்திரம் வந்து தோண்டிவிட்டுப் போவது ஒன்று. ஆண்டுதோறும் ஆனியிலும் ஆடியிலும் ஊர் கூடி வாய்க்காலைத் துலக்குவது மற்றொன்று. முதலாவதற்கு ஒப்பந்தக்காரர் கிடைப்பார், பெயர்ப் பலகை கிடைக்கும், திறந்துவைக்கப் பிரமுகரும் கிடைப்பார். மதகின் திருகுக்கு எண்ணெய் விட்டதற்காக எந்த ஊரிலும் விழா எடுத்ததாகத் தெரியவில்லை.

கையிருப்பைப் பற்றிச் சொல்லும்போது ஜப்பானியரின் அனுபவம் ஒன்றை நினைக்காமல் இருக்க முடியாது. சரக்கைக் குவித்துவைப்பது வீண் செலவு, வேண்டிய உறுப்பு வேண்டிய நேரத்தில் வேண்டிய அளவே வந்து சேர வேண்டும் என்ற தத்துவத்தை டொயோட்டா கம்பெனியில் வேரூன்றச் செய்தவர் தாயிச்சி ஓனோ. உலகத்து நிர்வாகக் கலாசாலைகள் அதை வேதவாக்காக ஏற்றுக்கொண்டன. 2011 மார்ச் 11-இல் நிலநடுக்கமும் ஆழிப்பேரலையும் ஜப்பானின் வடகிழக்குக் கரையைத் தாக்கியபோது, சின்னஞ்சிறு மின்னணுச் சில்லு செய்யும் ஆலைகள் சில நின்றுபோனதால் பெரும் கார் ஆலைகளும் நின்றன. டொயோட்டாவின் உற்பத்தி பழைய நிலைக்கு வர ஏறத்தாழ ஆறு மாதம் பிடித்தது. அதன்பின் அந்தக் கம்பெனி ஓசையில்லாமல் ஒரு காரியம் செய்தது: திரும்பக் கிடைக்க நெடுநாள் ஆகும் உறுப்புகள் எவை என்று பட்டியலிட்டு, சில்லு முதலியவற்றை இரண்டு மாதம் முதல் ஆறு மாதம் வரைக்குமான அளவில் இருப்பு வைக்கும்படி தனக்கு வழங்குவோரைக் கேட்டுக்கொண்டது. 2021-இல் உலகெங்கும் சில்லுப் பஞ்சம் வந்து பெரிய கம்பெனிகள் பல ஆலைகளை நிறுத்திவைத்தபோது, டொயோட்டா ஆண்டின் முற்பகுதி முழுவதையும் பெருஞ்சேதமின்றிக் கடந்தது. செப்டம்பர் வந்ததும் அதுவும் உற்பத்தியை 40 சதவிகிதம் குறைக்க நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். கையிருப்பு சர்வரோக நிவாரணி அன்று; அது நமக்குச் சம்பாதித்துத் தருவது அவகாசம் மட்டுமே. ஆனால் ஆபத்துக் காலத்தில் அவகாசத்தைவிட விலையுயர்ந்த பொருள் எது?

மராமத்தைத் தள்ளிப்போட்டால் அதன் செலவு பிறர் தலையில் விழும் என்பதற்கு நொய்யல் ஆறு சாட்சி. பனியன் ஏற்றுமதியால் நாட்டுக்கு அந்நியச் செலாவணி ஈட்டித்தந்த திருப்பூரின் சாயப்பட்டறைகள், உப்பும் சாயமும் கலந்த கழிவை நெடுங்காலம் ஆற்றிலேயே விட்டன. பாசனத்துக்கென்று 1990-களின் தொடக்கத்தில் கட்டிமுடித்த ஒரத்துப்பாளையம் அணை அந்தக் கழிவுக்குத் தேக்கமாயிற்று; அணை கட்ட வேண்டும் என்று கேட்கும் உழவர்களைப் பார்த்திருக்கிறோம், அணையில் நீர் தேக்கவே கூடாது என்று உழவர்கள் மன்றாடிய விபரீதத்தை அங்கேதான் கண்டோம். ஆயக்கட்டுதாரர்கள் வழக்குத் தொடுத்தார்கள். ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக் கூடாது என்று நீதிமன்றம் ஆணையிட்டது. தவணைமேல் தவணை கழிந்தது. முடிவில் 2011 ஜனவரி 28-இல் சென்னை உயர் நீதிமன்றம், விதியை நிறைவேற்றாத சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி உத்தரவிட்டதும் எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள் கதவடைத்தன. வேலையிழந்தவர்கள், அந்தக் கழிவைத் திறந்துவிடும்படி யாருக்கும் யோசனை சொல்லாத தொழிலாளிகள். அதன்பின் அரசாங்கக் கடனும் தொழிலதிபர்களின் முதலும் சேர்ந்து நிலையங்கள் மறுபடி இயங்கலாயின. எதிர்ச் சவ்வூடு பரவல் முறையில் பிரித்த நீர் சாயத் தொட்டிக்கே திரும்புகிறது. மிஞ்சிய உப்புநீரைக் காய்ச்சி உப்பையும் எடுத்து மீண்டும் பயன்படுத்துகிறார்கள். காய்ச்சுவதற்கு எரிக்கும் விறகும் செலவிடும் மின்சாரமும் கொஞ்சநஞ்சமல்ல. மிஞ்சும் கசடுக்கு இன்னும் நல்ல வழி பிறக்கவில்லை. என்றாலும், தண்ணீருக்குத் தவிக்கும் ஒரு நகரம் தன் கழிவிலிருந்தே தொழிலுக்குரிய நீரைப் பெற்றுக்கொள்வது சாமானியச் சாதனை அன்று. இருபதாண்டுக்கு முன்பே, நீதிபதி சொல்லாமலே செய்திருந்தால் செலவும் குறைந்திருக்கும், ஆறும் பிழைத்திருக்கும்.

சென்னைக்கு வேறொரு பாடம் கிடைத்தது. அது இரண்டு தவணைகளில் கிடைத்தது. 2015 டிசம்பர் முதல் தேதி செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறந்துவிட நேர்ந்து, அடையாற்றின் கரைகளில் இருந்த வீடுகள் மூழ்கின. இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கை அதை மனிதரால் விளைந்த பேரிடர் என்றே குறித்தது. நான்கு ஆண்டும் நிறைவதற்குள், 2019 கோடையில் அதே ஏரி வறண்டு வெடித்துக் கிடந்தது. ஜூலை 12 முதல் ஜோலார்பேட்டையிலிருந்து 50 வேகன் ரயிலில் 25 லட்சம் லிட்டர் காவிரி நீர் வந்து இறங்கியது. ஏரி நிரம்பியிருந்தால் சந்தோஷம், காய்ந்தால் துக்கம் என்ற ஒரே அளவுகோலை வைத்திருக்கும் நிர்வாகத்துக்கு, மழைக்கு முன் ஏரியில் விட்டுவைக்கும் வெற்றிடமும் ஒருவகைக் கையிருப்பு என்பது விளங்காது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் அத்தகைய வெற்றிடமாக நெடுங்காலம் இருந்தது. யாருக்கும் பயன்படாத தரிசு என்று ஏட்டில் எழுதி, குப்பை கொட்டி, சாலை போட்டு, கட்டடம் எழுப்பிப் பெரும்பகுதியைத் தின்றுவிட்டு, எஞ்சிய சிறுபகுதிக்கு 2022-இல் பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலம் என்ற ராம்சர் தகுதி வாங்கிக்கொடுத்துப் பெருமைப்பட்டோம்.

பிழைப்பை ஒரே பயிரில் குவிக்காமல் இருப்பதும் ஒருவகைக் கையிருப்பே. காவிரிக் கடைமடையில் பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கத்து உழவர்கள், ஆற்றுநீர் நிச்சயமில்லை என்றான பிறகு நெல்லைக் குறைத்துத் தென்னைக்கு மாறியது அவர்களளவில் புத்திசாலித்தனமே. ஆனால் 2018 நவம்பர் 16 அதிகாலையில் வீசிய கஜா புயல், ஒரே இரவில் வாழ்நாள் முதலைச் சாய்த்துவிட்டது. மாமரமும் பயறும் மாடும் ஊடே இருந்திருந்தால் புயல் நின்றிருக்காது. மறுவருஷச் சாப்பாடாவது நின்றிருக்கும்.

இவ்வளவும் கேட்டபின், கையிருப்பு என்றால் முடங்கிய முதல், மராமத்து என்றால் தண்டச் செலவு, ஏழை ராஜ்யத்துக்கு இதெல்லாம் கட்டுப்படியாகுமா என்று ஆட்சேபிப்பவர்கள் இருப்பார்கள். அவர்கள் சொல்வதில் ஒரு பங்கு நியாயம் உண்டு. கணக்கில்லாத கையிருப்பு அழுகும். களஞ்சியத்தில் எலி தின்ற தானியத்தையும், காலாவதியான மருந்துப் பெட்டிகளையும் யார் ஆதரிக்க முடியும்? அதனால்தான் இருப்போடு கணக்கும், கணக்கோடு பொறுப்பாளியின் பெயரும் சேர்ந்தே இருக்க வேண்டும் என்கிறேன். செலவைப் பற்றிய வாதமோ சரியான ஆராய்ச்சி அன்று. விதைநெல்லைக் குத்திச் சமைத்துவிட்டு, இந்த மாதம் அரிசி வாங்காமல் சமாளித்தேன் என்று பெருமை பேசும் குடும்பத்தலைவனை நாம் கெட்டிக்காரன் என்று சொல்வதில்லை. ஆனால் பராமரிப்பு நிதியை வெட்டி வரவுசெலவைச் சரிக்கட்டும் அதிகாரிக்குச் சிக்கனக்காரர் என்ற பட்டம் கிடைத்துவிடுகிறது. அவர் மிச்சப்படுத்திய லட்சத்துக்காகப் பின்வருபவர் கோடியில் வட்டி கட்டும்போது, முன்னவர் பதவி உயர்வு பெற்று வேறோர் இலாகாவுக்குப் போயிருப்பார். இந்த இடைவெளியில்தான் நம் பொதுச் சொத்துக்கள் எல்லாம் பாழாகின்றன.

ஆகவே செய்ய வேண்டியவை பெரிய விஷயங்கள் அல்ல. ஏரியின் மீன்பாசிக் குத்தகைப் பணமும், கரையில் நிற்கும் மரங்களின் ஏலப் பணமும் பொதுக் கஜானாவில் கரைந்துவிடாமல், அந்தந்த ஏரியின் மராமத்துக்கென்றே தனிக்கணக்கில் நிற்கும்படி விதி செய்ய வேண்டும். பழைய ஏரிப்பட்டிக்கு இக்காலத்தில் அதுவே ஈடு. விவசாயிகளே பாசனத்தை நிர்வகிப்பதற்கு 2000ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியாயிற்று. அதன்கீழ் அமையும் சங்கங்களுக்குக் காலந்தவறாமல் தேர்தல் நடத்தி, நீர்க்கட்டிக்கு மாதச் சம்பளம் கொடுக்கும் அதிகாரத்தையும் பணத்தையும் கொடுக்க வேண்டும். அவன் பிள்ளைக்கு அந்த வேலை இழிவென்று தோன்றாத அளவுக்கு அந்தச் சம்பளம் இருக்க வேண்டும். கம்பெனிகளின் அறிக்கையில் மரக்கன்றுகளின் எண்ணிக்கையோடு, முக்கியமான மூலப்பொருள் எத்தனை நாளுக்கு இருப்பில் உள்ளது, பராமரிப்புக்கு ஒதுக்கியதில் எவ்வளவு செலவாயிற்று என்ற இரண்டு வரிகளையும் ‘செபி’ கேட்கலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை.

அரசாங்கமும் கம்பெனியும் செய்யும்வரை வாசகர்கள் காத்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. நம் ஊராட்சிகளில் ஆண்டுக்கு ஆறுமுறை கிராமசபை கூடுகிறது. அவற்றுள் ஒன்று உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-இல் கூடுகிறது. அன்று உங்கள் ஊர்ச் சபைக்குத் தவறாமல் போங்கள். நம் ஏரியின் மதகு கடைசியாக எப்போது பழுது பார்க்கப்பட்டது, அதற்கு எவ்வளவு செலவாயிற்று, மதகின் சாவி இப்போது யார் கையில் இருக்கிறது என்ற மூன்று கேள்விகளைக் கேட்டு, வரும் பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். பதில் வராவிட்டால், வரவில்லை என்பதையும் எழுதச் சொல்லுங்கள்.